முதற் சுற்றை முன்னறிதல்: அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவிலே உதைபந்தாட்டம் எனப் பெயர் பெற்றிருப்பது, ஏனைய நாடுகளில் அப்பெயரால் வழங்கும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், முன்னோக்கி எறிந்தும் எதிரணியின் எல்லையை அடைய முயலும் ஆட்டம் அது. அதன் தலையாய தொழில்முறை அமைப்பான தேசிய உதைபந்தாட்ட லீக்கில் 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் இவ்வணிகள் பல்கலைக்கழகங்களில் ஆடிய இளைஞர்களை முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. முந்திய பருவத்தில் மிகத் தாழ்ந்த நிலையிலிருந்த அணி முதலாவதாகவும், வாகை சூடிய அணி கடைசியாகவும் தெரிவு செய்ய வேண்டுமென்பது அடிப்படை விதி. இந்த முறை ஏழு சுற்றுகளாக நிகழும். அவற்றுள் முதற் சுற்றிலே பெயர் கூறப்படுவது ஓர் இளைஞனுக்குப் புகழும் பொருளும் ஒருங்கே வாய்க்கும் நிகழ்ச்சியாகும்.

தெரிவு நடைபெறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, முதற் சுற்றில் எவரை எந்த அணி தெரிவு செய்யும் என்று எதிர்வுகூறும் பட்டியல்கள் வெளிவரத் தொடங்கிவிடும். இன்று இது பலருக்கு முழுநேரத் தொழில். எனினும் இம்முன்னறிவிப்பாளர் உண்மையில் எதனை முன்னறிகின்றனர் என்ற வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. ஓர் இளைஞன் சிறந்த ஆட்டக்காரனாக விளங்குவானா என்பது ஒரு வினா. அவன் சிறந்தவனாக விளங்குவான் என்று பிறர் எண்ணுவரா என்பது வேறொரு வினா. முதலாவது மனிதனைப் பற்றியது. இரண்டாவது மனிதனைப் பற்றிய அபிப்பிராயத்தைப் பற்றியது. கடந்த ஒன்பது தசாப்தங்களில் இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றோடொன்று கலந்தன என்பதே இத்தெரிவின் வரலாறு கூறும் செய்தியாகும்.

1930களின் நடுப்பகுதியில் ஒவ்வோர் அணியும் தான் விரும்பிய பல்கலைக்கழக வீரனை விலைபேசி ஒப்பந்தஞ் செய்யலாம் என்ற நிலையே இருந்தது. பணவசதியும் புகழும் பெற்ற நியூயோர்க், சிக்காகோ போன்ற நகரங்களின் அணிகள் சிறந்தோரைக் கவர்ந்து கொண்டன. ஏனையவை தோல்விமேல் தோல்வி கண்டன. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளரான பேர்ட் பெல் இதனால் நலிவுற்றவருள் ஒருவர். வலிமை குன்றிய அணிக்கே முதலிடம் என்ற திட்டத்தை அவர் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏனைய உரிமையாளர் முன்வைத்தார், அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அணிகளிடையே சமநிலை பேணுவது திட்டத்தின் வெளிப்படையான நோக்கம். வீரனைத் தெரிவு செய்த அணியைத் தவிர வேறெவரும் அவனுடன் பேரம் பேச முடியாது என்பதால் ஊதியம் கட்டுப்படுவது அதன் மற்றொரு விளைவு. இவ்விரண்டாவது விளைவு பிற்காலத்தில் நீதிமன்றம் வரை சென்றது.

முதலாவது தெரிவு 1936ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி பிலடெல்பியாவிலுள்ள ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் நிகழ்ந்தது. ஒன்பது அணிகள் ஒன்பது சுற்றுகளில் 81 பேரைத் தெரிவு செய்தன. அறையிலிருந்த கரும்பலகையில் ஏறத்தாழ 90 பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. வீரர்களை நேரிற் கண்டு ஆராயும் அலுவலர் அக்காலத்தில் இல்லை. பத்திரிகைச் செய்திகள், பல்கலைக்கழகப் பயிற்றுநர்களின் வாய்மொழி, நண்பர்களின் பரிந்துரை ஆகியனவே அறிவின் ஊற்றுகளாயிருந்தன. நியூயோர்க் ஜயன்ட்ஸ் உரிமையாளரின் இளைய மகனான வெலிங்டன் மாரா வெளியூர்ப் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் வரவழைத்துக் குறிப்பெடுத்தமையே பெரிய ஆராய்ச்சியாகக் கருதப்பட்டது.

அன்று முதலாவதாகப் பெயர் கூறப்பட்டவர் சிக்காகோப் பல்கலைக்கழக மாணவரான ஜே பேர்வாங்கர். அந்நாட்டின் சிறந்த பல்கலைக்கழக வீரருக்குரிய பரிசை முந்திய ஆண்டில் முதன்முதற் பெற்றவர் அவரே. எனவே அவருடைய பெயர் முதலில் வரும் என்பதை ஊகிப்பதற்குத் தீர்க்கதரிசனம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஈகிள்ஸ் அணியால் அவருடன் உடன்பாடு காண முடியவில்லை. அவருக்கான உரிமை சிக்காகோ பெயர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டது. அதன் உரிமையாளரான ஜோர்ஜ் ஹலாசும் அவர் கேட்ட ஊதியத்திற்கு இசையவில்லை. பேர்வாங்கர் ஒருநாளேனும் தொழில்முறை ஆட்டத்தில் இறங்காது வேறு தொழிலை நாடிச் சென்றார். எவரும் எதிர்பார்த்த பெயர் முதலாவதாக வந்தது. அப்பெயருக்குரிய மனிதர் வரவேயில்லை. முன்னறிவின் இருவகைகளும் தொடக்க நாளிலேயே பிரிந்து நின்றன எனலாம்.

அதே 1936ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் ஆங்கிலப் பொருளியலறிஞரான ஜோன் மேனார்ட் கெயின்சின் புகழ்பெற்ற பொதுக் கோட்பாட்டு நூலும் வெளிவந்தது. பங்குச் சந்தையின் இயல்பை விளக்க அவர் அந்நூலில் ஓர் உவமையைக் கையாண்டார். பத்திரிகையொன்று 100 முகங்களின் படங்களை வெளியிட்டு, அவற்றுள் மிக அழகான ஆறினைத் தெரிவு செய்யுமாறு வாசகரைக் கேட்கிறது. பெரும்பான்மையோரின் தெரிவோடு யாருடைய தெரிவு நெருங்கி ஒத்திருக்கிறதோ அவருக்கே பரிசு. இந்நிலையிற் போட்டியாளர் தமக்கு அழகாகத் தோன்றும் முகத்தைத் தெரிவு செய்வதில்லை; பிறர் அழகென்று கருதுவர் எனத் தாம் கருதும் முகத்தையே தெரிவு செய்கின்றனர். பிலடெல்பியா ஹோட்டலின் கரும்பலகையை கெயின்ஸ் அறிந்திருக்க நியாயமில்லை. எனினும் பிற்கால முதற் சுற்று முன்னறிவிப்பின் இயல்பை விளக்க அவர் உவமையினும் பொருத்தமானது வேறில்லை.

அபிப்பிராயம் எவ்விடத்திலிருந்து உருவாகிறது என்பது அது யாரைக் காண்கிறது என்பதையும் நிர்ணயிக்கும். 1934 முதல் 1945 வரை லீக்கில் கறுப்பின வீரர் ஒருவரேனும் ஆடவில்லை. 1946இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி கெனி வொஷிங்டனைச் சேர்த்துக்கொண்டதோடு அத்தடை உடைந்தது. எனினும் தெரிவுப் பட்டியலில் ஒரு கறுப்பின வீரரின் பெயர் முதன்முதல் இடம்பெற 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் டாலியபெரோவை சிக்காகோ பெயர்ஸ் அணி அவ்வாண்டு 13ஆம் சுற்றில் தெரிவு செய்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கென இயங்கிய கல்லூரிகளின் நிலையோ இதனினும் பின்தங்கியது. அக்கல்லூரிகளின் ஆட்டங்களைப் பெரும் பத்திரிகைகள் பொருட்படுத்தவில்லை. பத்திரிகையில் வராத பெயர் கரும்பலகையிலும் வரவில்லை. லூசியானா மாநிலத்துக் கிராம்பிளிங் கல்லூரியைச் சேர்ந்த போல் யங்கரை 1949இல் எந்த அணியும் தெரிவு செய்யவில்லை. வீரர்களை ஊரூராகச் சென்று ஆராய எடி கோட்டல் என்பவரை முழுநேர அலுவலராக அமர்த்தியிருந்த ராம்ஸ் அணி, தெரிவுக்குப் புறத்தே அவரைச் சேர்த்துக்கொண்டது. அத்தகைய கல்லூரியொன்றிலிருந்து லீக்கில் ஆடிய முதல்வர் அவரே.

இக்குறையைப் பயன்படுத்தி உயர்ந்த அணிகளுள் பிற்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸ் முதன்மையானது. கறுப்பின மக்களின் பத்திரிகையான 'பிற்ஸ்பேர்க் கூரியர்' இதழில் விளையாட்டுத் துறை எழுத்தாளராக விளங்கிய பில் நன், ஆண்டுதோறும் கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த வீரர் பட்டியலை வெளியிட்டு வந்தவர். 1960களின் பிற்பகுதியில் ஸ்டீலர்ஸ் அணி அவரைத் தன் பணியில் அமர்த்தியது. 1974ஆம் ஆண்டுத் தெரிவில் அவ்வணி முதற் சுற்றில் லின் சுவான், இரண்டாம் சுற்றில் ஜக் லம்பேர்ட், நான்காம் சுற்றில் அலபாமா ஏ அன்ட் எம் கல்லூரியின் ஜோன் ஸ்டோல்வேர்த், ஐந்தாம் சுற்றில் மைக் வெப்ஸ்டர் ஆகியோரைப் பெற்றது. எவராலும் தெரிவு செய்யப்படாத டொனி ஷெல் என்பவரைத் தென் கரோலினா அரச கல்லூரியிலிருந்து பின்னர் சேர்த்துக்கொண்டது. இவ்வைவரும் காலப்போக்கில் அவ்வாட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். 2021இல் நன்னும் இடம்பெற்றார். 1974 முதல் 1979 வரையான ஆறு பருவங்களில் ஸ்டீலர்ஸ் நான்கு முறை வாகை சூடியது. நன் மற்றவரினும் கூர்மையான கண் படைத்தவர் என்பது உண்மையே. ஆயினும் மற்றவர் பார்க்க மறுத்த திசையிற் பார்த்தவர் என்பதே அதனினும் பெரிய உண்மை.

டலஸ் கவ்போய்ஸ் அணி வேறொரு வழியை நாடியது. அதன் நிருவாகியான டெக்ஸ் ஷ்ராம், 1960ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் போட்டியிற் கணனியின் பயன்பாட்டைக் கண்டவர். வீரர் தெரிவுக்கும் அதனைப் பயன்படுத்த எண்ணிய அவர், ஐ.பி.எம். நிறுவனத்தின் துணை அமைப்பொன்றை அணுகினார். அப்பணியை ஏற்றவர் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்திற் கற்ற இந்தியரான சலாம் குரேஷி. அவர் அறிந்த ஆட்டம் கிரிக்கெட். அமெரிக்க உதைபந்தாட்டம் அவருக்குப் புதிது. அந்த அறியாமையே ஒருவகையில் துணைபுரிந்தது. பயிற்றுநர்கள் 'நல்ல வீரன்' என்று பொதுப்படக் கூறியதை அவர் ஏற்கவில்லை. நல்ல என்பதன் பொருள் யாது என்று கேட்டார். நூற்றுக்கணக்கான அடைமொழிகள் சிலவாகச் சுருக்கப்பட்டன. உயரம், நிறை, வேகம் என்பன அளக்கத்தக்கவை. ஒழுக்கம், சுறுசுறுப்பு, போட்டியுணர்வு, அறிவுக்கூர்மை, வலிமை போன்றன நோக்குநர் புள்ளியிட்டு மதிப்பிட வேண்டியவை. ஒவ்வொரு நோக்குநரும் எவ்வளவு தாராளமாகப் புள்ளியிடுவார் என்பதும் கணக்கிலெடுக்கப்பட்டது. 1966 முதல் 1985 வரை தொடர்ந்து 20 பருவங்களில் டலஸ் அணி தோல்விகளிலும் மிகுதியான வெற்றிகளைப் பெற்றது. இதற்குக் கணனி மட்டுமே காரணம் எனல் மிகையாகும். ஆனால் ஒழுங்குபடுத்திய நோக்கு அதற்குத் துணைநின்றது என்பதை மறுத்தல் இயலாது.

பிற்ஸ்பேர்க்கும் டலசும் பெற்ற நன்மை, பிறர் அறியாததை அறிந்தமையால் விளைந்தது. அறிவு பொதுவானவுடன் அந்நன்மை தேயத் தொடங்கியது. செலவைக் குறைக்க விரும்பிய அணிகள் 1960களிலேயே கூட்டு ஆய்வு அமைப்புகளை நிறுவி, ஒரே அறிக்கையைப் பகிர்ந்துகொள்ளத் தலைப்பட்டன. 1982இல் புளோரிடாவின் தம்பா நகரில் வீரர்களை ஓரிடத்திற்கு வரவழைத்துப் பரிசோதிக்கும் முகாம் நடைபெற்றது. 1985 முதல் எல்லா அணிகளுக்கும் பொதுவான ஒரே முகாமாக இது அமைந்தது. 1987 முதல் இந்தியானாபொலிஸ் நகரில் நடைபெறலாயிற்று. அங்கே இளைஞரின் உயரமும் நிறையும் கைவிரிவும் அளக்கப்படும். 40 யார் தூரத்தை அவர்கள் எத்தனை வினாடியில் ஓடுகின்றனர் எனக் குறிக்கப்படும். மருத்துவரும் பயிற்றுநரும் தனித்தனியே வினவுவர். எல்லா அணிகளும் ஒரே நாளில் ஒரே எண்களைப் பெறுகின்றன. ஒரே எண்களைக் கண்டவர் ஒரே முடிவுக்கு வருவதில் வியப்பில்லை.

பொதுமக்களின் ஆர்வமும் இக்காலத்திலேயே பெருகியது. 1979இல் தோன்றிய ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம், தெரிவை நேரடியாக ஒளிபரப்ப அனுமதி கோரியது. மேசைகளைச் சுற்றிச் சிலர் அமர்ந்து பெயர்களை அறிவிக்கும் நிகழ்ச்சியை யார் பார்ப்பர் என்ற ஐயம் பரவலாயிருந்தது. உரிமையாளரின் விருப்பின்மையையும் பொருட்படுத்தாது லீக் ஆணையாளர் பீற் ரொசெல் இசைவளித்தார். 1980இல் ஒளிபரப்புத் தொடங்கியது. பெயர் அறிவிப்புகளுக்கிடையே நீளும் இடைவேளைகளை நிரப்புவதற்குப் பேசுவோர் தேவைப்பட்டனர். முன்னறிவிப்பாளர் என்ற புதிய தொழிலினர்க்கு மேடை கிடைத்தது இவ்வாறே.

அவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிற் சிறு வீடொன்றில் வாழ்ந்த ஜோயல் புக்ஸ்போம், 1978 முதல் 2002இல் மறையும் வரை வார இதழொன்றில் எழுதினார். ஆட்டப் பதிவுகளை ஓயாது பார்ப்பதும் அணி அலுவலருடன் தொலைபேசியில் உரையாடுவதுமே அவர் வாழ்வாயின. அணிகளின் தலைமைப் பயிற்றுநரே அவர் கருத்தை மதித்தனர். மற்றவர் போல்ற்றிமோரைச் சேர்ந்த மெல் கைப்பர். இளமையிலேயே தம் அறிக்கைகளைத் தாமே வெளியிட்டு விற்ற அவர், 1984 முதல் தொலைக்காட்சியில் தோன்றி நாடறிந்தவரானார். 1994இல் இந்தியானாபொலிஸ் அணி ஐந்தாவது இடத்தில் தடுப்பாட்டக்காரரான ட்ரெவ் அல்பேர்ட்சைத் தெரிவு செய்தபோது, ட்ரென்ற் டில்பரைத் தெரிவு செய்யாதது பெருந்தவறு என்று கைப்பர் ஒளிபரப்பிலேயே கண்டித்தார். அவ்வணியின் நிருவாகி பில் டோபின் சினமுற்று, இதனைக் கூற இவர் யார் என்ற பொருளில் அதே ஒளிபரப்பில் விடையிறுத்தார். அல்பேர்ட்ஸ் காயங்களால் மூன்று பருவங்களுடன் ஓய்வு பெற்றார். டில்பர் பல ஆண்டுகள் ஆடி 2001 ஜனவரியில் வாகை சூடிய போல்ற்றிமோர் அணியில் இடம்பெற்றாராயினும், பெருவீரர் வரிசையில் வைக்கப்படவில்லை. இவ்வழக்கில் இருவரும் முழுமையாக வென்றிலர். ஆனால் அணியொன்றின் நிருவாகி முன்னறிவிப்பாளருக்கு நாடறிய விடை கூற வேண்டியிருந்தமை, அபிப்பிராயம் தனியொரு வல்லமை பெற்றுவிட்டதைக் காட்டிற்று.

இன்றைய முன்னறிவிப்பாளர் முதற் சுற்றில் வரக்கூடிய பெயர்களுட் பெரும்பாலானவற்றைச் சரியாகவே கூறிவிடுகின்றனர். எந்த அணி எவரைக் கொள்ளும் என்பதிலேயே மிகுதியும் தவறுகின்றனர். அவர்கள் வெற்றி பெறுவது அணிகளின் எண்ணத்தை அறிவதில். வீரரின் எதிர்காலத்தை அறிவதில் அத்தகைய வெற்றி கிட்டவில்லை. 1983இல் பந்தெறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பக் வீரர் அறுவர் முதற் சுற்றில் இடம்பெற்றனர். அவருள் இறுதியாக, 27ஆவது இடத்திலேயே டான் மரினோ தெரிவானார். மறு ஆண்டில் ஒரே பருவத்தில் 5,000 யாருக்கு மேல் எறிந்த முதல் வீரர் அவரே. 1998இல் பெய்ற்றன் மனிங்கும் ரயன் லீஃபும் ஏறத்தாழ ஒத்த தகுதியினர் என்று பலர் வாதிட்டனர். முதலிடம் பெற்ற மனிங் ஐந்து முறை லீக்கின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். இரண்டாமிடம் பெற்ற லீஃப் 2001ஆம் ஆண்டுக்குப் பின் ஆடவில்லை. 2000ஆம் ஆண்டில் 198 பெயர்கள் கூறப்பட்ட பின்னர், ஆறாம் சுற்றிலே கூறப்பட்ட டொம் பிரேடி ஏழு முறை வாகை சூடினார்.

இவை விதிவிலக்குகள் என்று கூறி ஒதுக்கிவிடவும் இயலாது. பொருளியலறிஞரான ரிச்சர்ட் தேலரும் கேட் மசியும் பல ஆண்டுத் தெரிவுகளை ஒருங்கே ஆராய்ந்து 2005இல் முதலில் வெளியிட்ட ஆய்வு 2013இல் அறிவியல் இதழொன்றில் வந்தது. ஒரே ஆட்டநிலைக்கு அடுத்தடுத்துத் தெரிவான இருவருள், முன்னர்த் தெரிவானவரே சிறந்து விளங்குவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 52 சதவீதமே என அவர்கள் கண்டனர். நாணயத்தைச் சுண்டி முடிவு செய்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறிது. முதலிடங்களைப் பெறுவதற்கு அணிகள் கொடுக்கும் விலை, அவ்விடங்கள் தரும் பயனை விஞ்சியது என்பதும் அவர்களின் முடிவு. தம் அறிவின்மீது நிபுணர் கொள்ளும் மிகையான நம்பிக்கையே இதற்குக் காரணமென அவர்கள் கருதினர்.

அபிப்பிராயம் பிழைபட்டால் அணிக்கு நட்டம். அடுத்த ஆண்டு வேறொரு தெரிவு வரும். வீரனுக்கோ வாழ்நாளில் ஒரே ஒரு தெரிவுதான் உண்டு. 1968இல் முதற் சுற்றில் 12ஆவதாக வாஷிங்டன் அணியால் தெரிவு செய்யப்பட்ட ஜேம்ஸ் ஸ்மித், அப்பருவத்தின் இறுதி ஆட்டத்திலே கழுத்திற் கடுங்காயமுற்று மீண்டும் ஆட முடியாதவரானார். தாம் விரும்பிய அணியோடு பேரம் பேசும் உரிமை இருந்திருப்பின் தக்க பாதுகாப்புடைய ஒப்பந்தத்தைப் பெற்றிருக்கலாம் என அவர் வழக்குத் தொடுத்தார். இத்தெரிவு முறை வணிகப் போட்டியைத் தடுக்கும் செயலென நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. அது சட்டத்திற்கு முரணானதென்ற முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றமும் 1978இல் உறுதிசெய்தது. ஆயினும் 1977இல் வீரர் சங்கம் கூட்டு ஒப்பந்தத்தின் வாயிலாகத் தெரிவு முறைக்கு இசைந்தமையால் அது நிலைபெற்றது. சங்கத்தில் அப்போது உறுப்பினராயிருந்தோர் முன்னமே ஆடிக்கொண்டிருந்தவர்கள். இனிமேல் தெரிவாகப் போகும் மாணவர்க்கு அம்மேசையில் இடமில்லை.

2011ஆம் ஆண்டு ஒப்பந்தம் இப்பிணைப்பை மேலும் இறுக்கியது. 2010இல் முதலிடம் பெற்ற சாம் பிராட்போர்ட் ஆறாண்டுகளுக்கு 78 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தம் பெற்றார். மறு ஆண்டு முதலிடம் பெற்ற காம் நியூட்டன் பெற்றது நான்காண்டுகளுக்கு ஏறத்தாழ 22 மில்லியன். அதன் பின்னர் முதல் ஒப்பந்தத்தின் அளவைத் தெரிவின் வரிசையெண்ணே பெரும்பாலும் நிர்ணயித்து வருகிறது. 2025இல் ஷெடூர் சாண்டர்ஸ் என்ற குவாட்டர்பக் முதற் சுற்றில் வருவார் என்று முன்னறிவிப்பாளர் பலர் எழுதினர். அவர் ஐந்தாம் சுற்றில் 144ஆவதாகவே தெரிவானார். அவருடைய ஆட்டத்திறன் அவ்வார இறுதியில் மாறிவிடவில்லை; அவரைப் பற்றிய அபிப்பிராயம் வேறாக இருந்தது என்பதே வெளிப்பட்டது. ஆயினும் அவ்வேறுபாட்டின் விலையைச் செலுத்தியவர் அவரேயன்றி, அபிப்பிராயம் கூறியவரல்லர்.

2018இல் லமார் ஜக்சனைப் பற்றி எழுந்த விவாதமும் இங்கு நோக்கத்தக்கது. பல்கலைக்கழக ஆட்டத்தின் மிக உயர்ந்த பரிசை வென்றிருந்த அக்கறுப்பின இளைஞர் குவாட்டர்பக் நிலையை விட்டு, பந்தை வாங்கி ஓடும் நிலைக்கு மாறவேண்டுமெனச் சிலர் அறிவுரை கூறினர். முதற் சுற்றின் கடைசி இடமான 32ஆவது இடத்தில் அவரைத் தெரிவு செய்த போல்ற்றிமோர் அணி அவரைக் குவாட்டர்பக்காகவே ஆடவிட்டது. 2019ஆம் பருவத்திலும் 2023ஆம் பருவத்திலும் லீக்கின் சிறந்த வீரர் அவரே. 1949இல் யங்கரின் பெயரைக் காணாத பழைய கண், அளவுகோல்களும் கணனிகளும் வந்த பின்னரும் முற்றாக மறையவில்லை என்பதற்கு இது சான்று.

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்கின் ஒருண்மை புலப்படும். 90 பெயர்கள் எழுதிய கரும்பலகையிலிருந்து ஆயிரக்கணக்கான அளவீடுகள் வரை வளர்ந்த இவ்வரலாற்றில், பிறர் எவரைத் தெரிவு செய்வர் என அறியும் கலை பெரிதும் வளர்ந்துள்ளது. எவர் சிறந்தவராவார் என அறியும் கலை அவ்வளவிற்கு வளரவில்லை. எல்லோரும் ஒரே முகத்தைச் சுட்டுவதனால் அம்முகம் அழகுடையதாகிவிடாது. பில் நன் போன்று, எவரும் செல்லாத கல்லூரித் திடலுக்குச் சென்று பார்த்தவர்களே மனிதரை முன்னறிந்தனர். ஏனையோர் ஒருவரையொருவர் முன்னறிந்தனர். வாழ்வின் வாயிலில் நிற்கும் இளைஞரைப் பட்டியலிட்டு வரிசைப்படுத்தும் எந்த நிறுவனமும், தான் செய்வது இவ்விரண்டில் எது என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளுதல் தகும்.